கொடுக்கும் பங்கும் கேட்கும் பங்கும்: அமெரிக்க – ஹைத்தி சகோதரப் பங்கு உறவு பற்றி

1. கேள்வி

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் 1978-இல் ஒரு திட்டம் தொடங்கியது. அமெரிக்கக் கத்தோலிக்கப் பங்கு ஒன்று, ஹைத்தியில் உள்ள ஒரு பங்கைத் தன் சகோதரப் பங்காக ஏற்றுக்கொள்ளும். இடையில் பெரிய தொண்டு நிறுவனமோ அரசுத் துறையோ இருக்காது. ஞாயிறு திருப்பலியில் எடுக்கப்படும் இரண்டாம் காணிக்கை, கடலுக்கு அப்பால் இருக்கும் பங்குத்தந்தையின் கைக்குப் போகும். அவர் அதைப் பள்ளி ஆசிரியர் சம்பளத்துக்கோ, பிள்ளைகளின் மதிய உணவுக்கோ, கிணற்றுக்கோ, மருந்தகத்துக்கோ செலவிடுவார். ஆண்டுக்கு ஒருமுறை அமெரிக்கப் பங்கிலிருந்து சிறு குழு ஒன்று ஹைத்திக்குச் சென்றுவரும். ஹைத்திக் குருவும் எப்போதாவது அமெரிக்கா வந்து மறையுரை ஆற்றுவார். பங்கு இணைப்புத் திட்டம் என்று அறியப்படும் இம்முயற்சி, வேறு பல மறைமாவட்டங்களின் தனி முயற்சிகளோடு சேர்ந்து, இரு நாடுகளுக்கும் இடையே சில நூறு இணைப்புகளை உண்டாக்கியிருக்கிறது.

ஜெர்மானிய ஆயர்கள் 1958-இல் தொடங்கிய மிசேரியோர் இதற்கு நேர் எதிரான அமைப்பு. தமிழகத்து மறைமாவட்டங்களின் பல்நோக்குச் சமூகப்பணி மையங்கள் அதை நன்கு அறியும். அங்கே தவக்காலக் காணிக்கை ஓரிடத்தில் குவியும்; விண்ணப்பம், மதிப்பீடு, அறிக்கை என்ற வழியில் திட்டங்களுக்குப் போகும். கொடுப்பவருக்குப் பெறுபவரின் முகம் தெரியாது. சகோதரப் பங்கு முறையின் பெருமையே முகம் தெரிவதுதான் என்பார்கள் அதில் ஈடுபட்டோர்.

முகம் தெரிவதால் உறவு சமமாகிவிடுகிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அனுப்பிய தொகை, நீடித்த ஆண்டுகள், போய்வந்த குழுக்களின் எண்ணிக்கை ஆகியவையே வழக்கமான அளவுகோல்கள். இவை மூன்றும் கொடுக்கும் பக்கத்திலிருந்து எடுக்கப்படும் அளவைகள். பெறும் பக்கத்திலிருந்து இரண்டு அளவைகளை நான் முன்வைக்கிறேன். கொடுப்பவர் கொடுக்க எண்ணியிராத ஒன்றைப் பெறும் பங்கால் கேட்க முடிகிறதா? கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்ல முடிகிறதா?

2. இதுவரை சொல்லப்பட்டவை

இவ்வுறவுகளின் வேர் 1961-இல் இருக்கிறது. அவ்வாண்டு ஆகஸ்டில் நோட்ரடேம் பல்கலைக்கழகத்தில் கூடிய அமெரிக்கத் துறவற சபைத் தலைவர்களிடம், திருத்தந்தை இருபத்திமூன்றாம் யோவானின் சார்பில் வத்திக்கான் அதிகாரி அகொஸ்தீனோ கசரோலி ஒரு வேண்டுகோள் வைத்தார். பத்தாண்டுகளுக்குள் தங்கள் உறுப்பினரில் பத்தில் ஒருவரை லத்தீன் அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும் என்றார். கியூபப் புரட்சி நடந்து இரண்டரை ஆண்டுதான் ஆகியிருந்தது என்பதை ஒதுக்கிவிட்டு இந்த வேண்டுகோளைப் படிக்க இயலாது. இலக்கு எட்டப்படவே இல்லை. ஆனால் அமெரிக்கக் கத்தோலிக்கரின் கண்கள் தெற்கே திரும்பின.

இதை முதலில் கடுமையாக எதிர்த்தவரும் ஒரு குருதான். மெக்சிகோவின் குவெர்னவாகா நகரில் மறைபணியாளர்களுக்குப் பயிற்சி மையம் நடத்திய இவான் இல்லிச், 1967 ஜனவரியில் 'அமெரிக்கா' இதழில் எழுதிய கட்டுரையில், வெளியிலிருந்து வரும் ஆட்களும் பணமும் உள்ளூர்த் திருச்சபையைத் தன் காலில் நிற்கவிடாமல் செய்கின்றன என்று வாதிட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க இளம் தொண்டர்களிடம் பேசியபோது இன்னும் ஒரு படி மேலே போனார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பதே அவ்வுரையின் சாரம். அழைத்தவர்களின் முகத்துக்கு நேரே இப்படிப் பேசும் துணிவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அந்தத் துணிவே அவ்வுரையை வாதமாக அல்லாமல் வசையாக நினைவில் நிறுத்திவிட்டது என்பதும் உண்மை.

பிந்தைய ஆய்வாளர்கள் நிதானமானவர்கள். டாரா ஹெஃபரன் 2007-இல் வெளியிட்ட நூல், அமெரிக்க – ஹைத்தி பங்கு இணைப்புகளை நேரடியாக ஆராய்ந்தது. வளர்ச்சிப் பணியில் எந்தப் பயிற்சியும் இல்லாத பொதுநிலையினர், பெரிய நிறுவனங்களின் மீது கொண்ட அவநம்பிக்கையால் தாங்களே வளர்ச்சிப் பணியாளர்களாக மாறுவதை அவர் கவனித்தார். ஜேனல் கிராக்ட் பேக்கர் 2014-இல் வெளியிட்ட நூல், வாஷிங்டன் சுற்றுவட்டாரத்தின் பன்னிரண்டு சபைகளின் வெளிநாட்டு உறவுகளை ஆராய்ந்தது. பரஸ்பரம் என்ற இலட்சியம் வலுவாக இருந்தும் பணத்தின் ஏற்றத்தாழ்வு அதை ஓயாமல் இழுத்துப் பிடிப்பதை எடுத்துக்காட்டியது.

கர்ட் வெர் பீக்கின் ஹொண்டுராஸ் ஆய்வு வேறு திசையிலிருந்து வருகிறது. 1998-இல் மிட்ச் புயலுக்குப் பிறகு அமெரிக்கக் குழுக்கள் அங்கே வீடு கட்டிக்கொடுத்தன. உள்ளூர் நிறுவனங்கள் கட்டிய வீட்டுக்கும் வெளிநாட்டினர் வந்து கட்டிய வீட்டுக்கும் இடையே, குடியிருப்போர் வாழ்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏதும் அவருக்குத் தென்படவில்லை. வந்துபோனவர்களின் ஈகைப் பழக்கமும் பெரிதாக மாறவில்லை. அதே வேளையில் ஒரு குழுவின் பயணச் செலவோ ஒரு வீட்டின் விலையைவிடப் பல மடங்கு. பயணம் பயணிகளை மாற்றும், அந்த மாற்றம் ஏழைகளுக்குப் பயன்படும் என்ற பரவலான நம்பிக்கையை இந்த ஆய்வு ஆட்டம் காண வைக்கிறது. அது குறுகிய காலக் குழுக்களைப் பற்றியது, நீண்ட கால இணைப்புகளைப் பற்றியது அல்ல என்ற மறுப்புக்கு ஓரளவு வலு உண்டு. ஆனால் நீண்ட கால இணைப்பும் குறுகிய பயணங்களால்தான் கோக்கப்படுகிறது.

3. பவுல் தண்டிய காணிக்கை

சகோதரப் பங்குக் குழுக்கள் தங்கள் பணிக்கு விவிலிய ஆதாரமாக அடிக்கடி காட்டுவது, எருசலேம் திருச்சபையின் ஏழைகளுக்காகப் பவுல் மாசிதோனியாவிலும் அக்காயாவிலும் தண்டிய காணிக்கையை. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் எட்டாம், ஒன்பதாம் அதிகாரங்கள் முழுக்க அதைப் பற்றியவை. ஒருவருடைய மிகுதி மற்றவருடைய குறையை நிரப்பிச் சமநிலை உண்டாக வேண்டும் என்பது அங்கே பவுலின் வாதம்.

மறையுரைகளில் இந்தப் பகுதி அடிக்கடி வரும். அதே காணிக்கையைப் பற்றி அதிகம் பேசப்படாத இரண்டு செய்திகள் பவுலின் திருமுகங்களில் உண்டு. முதலாவது கணக்கு. பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. திருச்சபைகள் தேர்ந்த ஆட்கள் உடன் சென்றார்கள். யாரும் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று அவரே காரணமும் எழுதுகிறார். இரண்டாவது செய்தி உரோமையர் திருமுகத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில் வருகிறது. தான் கொண்டுபோகும் உதவி எருசலேமில் ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும் என்று தனக்காக மன்றாடும்படி பவுல் கேட்டுக்கொள்கிறார். அதாவது, ஏற்கப்படாமல் போகவும் வாய்ப்பு இருந்தது. எருசலேம் ஏழ்மையில் இருந்தாலும் தாய்த் திருச்சபை. புறவினத்தார் பணத்தை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் தகுதி அதற்கு இருந்தது. கொடுப்பவர் பதற்றத்தோடு போகிறார்.

இன்று எந்த அமெரிக்கக் குழுவும் அந்தப் பதற்றத்தோடு விமானம் ஏறுவதில்லை. ஹைத்திப் பங்கு வேண்டாம் என்று சொல்லக்கூடும் என்பது யாருடைய கற்பனையிலும் இல்லை.

4. பன்றி, அரிசி, பள்ளிக் கட்டணம்

ஏன் சொல்ல முடிவதில்லை என்பதற்கு விடை தேட ஹைத்தியின் வறுமை எப்படி உண்டாக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். அடிமைகள் கிளர்ந்தெழுந்து 1804-இல் விடுதலை பெற்ற நாடு அது. 1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, தன் பழைய தோட்ட முதலாளிகளுக்கு இழப்பீடாக 15 கோடி பிராங்க் கேட்டது. 1838-இல் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டாலும், அதை அடைக்க வாங்கிய கடன்களின் சுமை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தொடர்ந்தது. 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படைகள் நாட்டை ஆண்டன.

இவை பழைய கதை என்று ஒதுக்குவோர் உண்டு. பங்கு இணைப்புகள் தொடங்கிய காலத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1970களின் இறுதியில் பக்கத்து டொமினிக்கன் குடியரசிலிருந்து ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் ஹைத்திக்குள் வந்தது. தன் பன்றித் தொழிலுக்கு நோய் பரவிவிடும் என்று அஞ்சிய அமெரிக்கா பின்னிருந்து நடத்திய ஒழிப்புத் திட்டத்தில், 1983-க்குள் ஹைத்தியின் கறுப்பு கிரியோல் பன்றிகள் அடியோடு கொல்லப்பட்டன. குப்பையையும் மிச்சத்தையும் தின்று வளர்ந்த பன்றி அது. பதிலுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த பன்றிகளுக்குக் கூரை வேண்டும், விலைகொடுத்து வாங்கிய தீவனம் வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும். இந்த உபசாரம் குடியானவர் பிள்ளைகளுக்கே கிடைக்காதது என்பதால், அப்பன்றிகளுக்கு 'நான்கு கால் இளவரசன்' என்று பட்டம் சூட்டினார்கள் ஹைத்தியர்கள்.

நம் ஊரில் ஜூன் மாதம் ஆட்டை விற்றுப் பள்ளிக் கட்டணம் கட்டும் குடும்பத்தை நினைத்துக்கொண்டால் கிரியோல் பன்றியின் இடம் விளங்கும். திருமணம், மருத்துவம், பள்ளிக் கட்டணம் எதுவானாலும் பன்றி விற்ற பணம்தான். ஹைத்தியில் பள்ளிகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அரசு சாராதவை என்பதால் கட்டணம் இல்லாமல் படிப்பு இல்லை. பன்றி போனபின் அந்தக் கட்டணத்தைக் கட்ட வந்தவர்களில் சகோதரப் பங்குகளும் அடக்கம். இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன என்பதால் ஒன்றுக்கு மற்றது காரணம் என்று நிறுவிவிட முடியாது; இணைப்புகள் பன்றி ஒழிப்புக்கு முன்பே தொடங்கியவை. ஆனால் ஒரே நாட்டின் ஒரு கை சேமிப்பை அழிக்க, மறுகை கட்டணத்தைக் கொடுத்தது என்பது காலவரிசையில் தெளிவாகவே தெரிகிறது.

அரிசியின் கதையும் அதுதான். 1980களின் தொடக்கம் வரை தன் அரிசியைப் பெரும்பாலும் தானே விளைவித்த நாட்டில், 1995-இல் இறக்குமதி வரி 50 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அமெரிக்க அரசின் மானியத்தில் விளைந்த அரிசி வந்து குவிந்தது. மயாமி அரிசி என்று ஹைத்தியர் அதற்குப் பெயரிட்டனர். அர்த்திபோனித் பள்ளத்தாக்கின் உழவர்கள் நொடித்தார்கள். அமெரிக்க அதிபராக அந்தக் கொள்கையை முன்னின்று நடத்திய பில் கிளின்டன், 2010 மார்ச்சில் அமெரிக்க செனட் குழு முன், அது தன் சொந்த மாநிலமான ஆர்க்கன்சாவின் சில விவசாயிகளுக்கு நன்மை செய்திருக்கலாம், ஆனால் ஹைத்தியர் தமக்கே உணவு விளைவிக்கும் திறனை இழந்ததற்குத் தானும் பொறுப்பு என்ற பொருளில் ஒப்புக்கொண்டார்.

சகோதரப் பங்கு நடத்தும் மதிய உணவில் எந்த அரிசி வேகிறது என்று கேட்டால் விவாதம் இடம் மாறிவிடும். பசித்த பிள்ளைக்குச் சோறு வேண்டும். அதில் தயக்கத்துக்கு இடமில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் தகப்பன் விளைவித்த நெல்லை விற்க முடியாமல் போனதேன் என்ற கேள்வியை, சோறு போடும் பங்கின் அறிவிப்புப் பலகையில் நாம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

5. கட்டடமும் சம்பளமும்

இத்தனையும் சொன்ன பிறகு, சகோதரப் பங்கு முறையில் எனக்கு வலுவாகத் தெரியும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பெரிய நிறுவனங்கள் திட்டங்களுக்குப் பணம் தருகின்றன. திட்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. மாதா மாதம் ஆசிரியருக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்துக்கு முடிவு கிடையாது. அதனாலேயே அதற்குப் பணம் கிடைப்பது அரிது. பங்கு இணைப்பு பல ஆண்டுகள் சலிக்காமல் சம்பளம் தந்துகொண்டிருக்கும் இயல்புடையது. கல்வெட்டும் திறப்பு விழாவும் வராத செலவு அது. என் பார்வையில் இம்முறையின் ஆகச் சிறந்த பணி இதுவே. பங்கு மக்களைக் கவர்வதோ பெரும்பாலும் கட்டடம்தான்.

அடுத்து, பணம் யார் கையில் சேர்கிறது என்பது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி பங்கின் சட்டபூர்வப் பிரதிநிதி பங்குத்தந்தையே (532). ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் (537). மேய்ப்புப்பணிப் பேரவைக்கோ ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும் (536). ஆகவே பங்குக்கும் பங்குக்குமான உறவு என்று சொல்லப்படுவது, நடைமுறையில் அமெரிக்கக் குழு ஒன்றுக்கும் ஹைத்திக் குரு ஒருவருக்குமான உறவாகச் சுருங்கிவிடுகிறது. ஆங்கிலமும் மின்னஞ்சலும் வங்கிக் கணக்கும் அவரிடம். கிரியோல் மட்டுமே பேசும் குடியானவப் பெண் தன் பங்குக்கு என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டுமானால் அவர் வழியாகத்தான் சொல்ல வேண்டும். ஆயர் அந்தக் குருவை இடம் மாற்றினால் பிடிமானமே நழுவுகிறது. புதியவருக்குப் பழைய வாக்குறுதிகள் தெரியாது. அமெரிக்கக் குழுவோ, பழைய நண்பர் போன ஊருக்கே பணத்தையும் திருப்பிவிடலாமா என்று யோசிக்கத் தொடங்குகிறது. பவுல் உடன் கூட்டிச் சென்ற ஆட்களின் தேவை இங்கேதான் விளங்குகிறது.

இடம் மாறாத குரு என்ன செய்ய முடியும் என்பதற்கு நடுப் பீடபூமியின் காஞ்ஜ் ஒரு சான்று. 1956-இல் பெலிக்ர் அணை கட்டப்பட்டபோது நிலம் நீரில் மூழ்கிய உழவர்கள் மேட்டுக்கு ஏறி அமைத்த குடியேற்றம் அது. அணை அருகிலேயே இருந்தது; மேட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. எபிஸ்கோப்பல் திருச்சபையின் குரு ஃபிரிட்ஸ் லஃபோந்தான் அங்கே பல பத்தாண்டுகள் தங்கிப் பள்ளி நடத்தினார். அதே திருச்சபையின் மேல் தென் கரோலினா மறைமாவட்டத்திலிருந்து 1980களில் வந்த பொறியாளர்கள் நீரை மேட்டுக்கு ஏற்றும் அமைப்பை நிறுவினார்கள். அமெரிக்க மருத்துவர் பால் ஃபார்மர் தன் நண்பர்களோடு அங்கே மருத்துவமனையை வளர்த்தார். அதைப் பற்றி டிரேசி கிடர் 2003-இல் எழுதிய நூல், பெருமையின் பெரும்பகுதியை ஃபார்மருக்குக் கொடுத்தாலும், அவருக்கு முன்பே அங்கே வேலையைத் தொடங்கியிருந்த உள்ளூர்க் குருவை மறைக்கவில்லை. தண்ணீர் வேண்டும் என்பது மேட்டு மக்களின் தேவை. வந்தவர்களிடம் அதற்கான தொழில்நுட்பம் இருந்தது. கேட்டதும் கொடுத்ததும் பொருந்திய இடம் இது. ஒற்றைக் குருவின் ஆளுமையை நம்பி நின்ற ஏற்பாடு என்பது அதன் பலவீனம்.

6. எல் சால்வடார்: கேட்ட பங்கு

அதே 1961 வேண்டுகோளின் வழியில் கிளீவ்லாந்து மறைமாவட்டம் 1964 முதல் எல் சால்வடாருக்குப் பணியாளர்களை அனுப்பி வந்தது. 1980 டிசம்பரில் அந்நாட்டுத் தேசியக் காவல் படையினர் கொன்ற நான்கு அமெரிக்கப் பெண்களில் டோரதி கேசல், ஜீன் டோனவன் இருவரும் கிளீவ்லாந்துக் குழுவினர். அதே ஆண்டு பிப்ரவரியில் சான் சால்வடார் பேராயர் ரொமேரோ, அமெரிக்க அதிபர் கார்ட்டருக்குக் கடிதம் எழுதி, தன் நாட்டு அரசுக்கான இராணுவ உதவியை நிறுத்தும்படி கேட்டிருந்தார். மார்ச் 24-இல் திருப்பலி நிறைவேற்றும்போது சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்தக் கடிதம் ஒரு திருச்சபை இன்னொரு நாட்டிடம் கேட்ட வித்தியாசமான உதவி. பணம் அனுப்புங்கள் என்று அவர் கேட்கவில்லை. பணத்தை நிறுத்துங்கள் என்று கேட்டார். 1980களில் அமெரிக்கச் சபைகளும் சால்வடார் கிராமங்களும் செய்துகொண்ட சகோதர உறவுகள் இந்தக் கோரிக்கையின் நிழலிலேயே வளர்ந்தன. 1987 அக்டோபரில் ஹொண்டுராஸின் மேசா கிராண்டே முகாமிலிருந்து 4,000-க்கும் மேற்பட்ட அகதிகள், உள்நாட்டுப் போர் ஓயாத தங்கள் ஊர்களுக்கே திரும்பினார்கள். வெளிநாட்டுத் திருச்சபைக் குழுக்கள் உடன் நடந்தன. அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் பக்கத்தில் நின்றால் இராணுவம் சுடத் தயங்கும் என்ற கணக்கு அதில் இருந்தது. கிணறு தோண்ட அவர்கள் வரவில்லை. கூட நிற்கவும், வீடு திரும்பியதும் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் பேசவும் வந்தார்கள். 1992 ஜனவரியில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. இந்த உறவுகளால்தான் போர் முடிந்தது என்பது மிகை. போருக்கான உதவியைக் கேள்வி கேட்ட குரல்களில் இவையும் இருந்தன என்பது மிகையல்ல.

ஹைத்திக்கும் எல் சால்வடாருக்கும் உள்ள வேறுபாட்டைக் கொடுப்பவர்களின் மனப்பான்மையில் தேடுவது வழக்கம். பெறுபவர்களின் அமைப்பில் தேடுவதே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. சால்வடார் கிராமங்கள் முகாம்களிலேயே தங்களுக்குள் குழுக்களை அமைத்துக்கொண்டு, தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்திருந்தன. ஹைத்தியிலும் 1980களில் 'தி லெக்லீஸ்' என்னும் அடித்தளச் சமூகங்கள் எழுந்தன. 1983 மார்ச்சில் அங்கே வந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், இங்கே ஏதாவது மாறியாக வேண்டும் என்று சொன்னது அவற்றுக்குத் தெம்பூட்டியது. 1988 செப்டம்பர் 11 அன்று, பின்னாளில் அதிபரான குரு அரிஸ்டீட் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்த புனித ஜான் போஸ்கோ ஆலயம் தாக்கித் தீக்கிரையாக்கப்பட்டது. அவரைப் பதவியிலிருந்து அகற்றிய 1991 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் அவ்வியக்கம் நசுக்கப்பட்டது. கூட்டாகக் கேட்கக்கூடிய வாய் அடைபட்ட நாட்டில், பங்குத்தந்தை ஒருவரே வாயாக மிஞ்சினார்.

7. பயணம் நின்ற பின்

2021 ஜூலையில் ஹைத்தி அதிபர் மொயீஸ் கொல்லப்பட்ட பிறகு ஆயுதக் கும்பல்கள் தலைநகரின் பெரும்பகுதியைப் பிடித்தன. 2024 நவம்பரில் போர்ட்-ஓ-பிரின்ஸ் விமான நிலையத்தில் அமெரிக்க விமானங்கள்மேல் குண்டு பாய்ந்ததும், அமெரிக்க விமானப் போக்குவரத்து அங்கே தடை செய்யப்பட்டது. 2025 மார்ச் இறுதியில் நடுப் பீடபூமியின் மிரபலே நகரும் விழுந்தது. ஆண்டுக்கு ஒருமுறை போய்வருவதே உறவின் உயிர் என்று சொல்லிவந்த இணைப்புகளுக்குப் போகும் வழி அடைபட்டது. எஞ்சியது பணம் அனுப்பும் வேலை. அதாவது, கவர்ச்சியற்ற அந்தச் சம்பளம்.

அதே நேரத்தில் ஹைத்தியர்கள் வேறொன்றைக் கேட்கத் தொடங்கினார்கள். 2023 ஜனவரியில் அமெரிக்கா அறிவித்த ஒரு திட்டம், அமெரிக்காவில் பொறுப்பேற்க ஆள் இருந்தால் ஹைத்தியர் இரண்டு ஆண்டுகளுக்கு வந்து தங்கி வேலை செய்யலாம் என்றது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஹைத்தியர் அவ்வழியே வந்தார்கள். பொறுப்பேற்றுக் கையொப்பமிட ஒருவர் தேவைப்பட்ட அந்த ஏற்பாட்டில், நாற்பது ஆண்டு அறிமுகம் உள்ள சகோதரப் பங்கைவிடப் பொருத்தமான ஆள் யார்? ஓஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறிய ஹைத்தியரைப் பற்றி 2024 தேர்தல் பரப்புரையில் அவதூறு பரவியபோது, அவர்கள் பக்கம் நின்றவர்களில் அந்நகரின் கத்தோலிக்கத் தொண்டமைப்பும் இருந்தது. 2025-இல் அத்திட்டம் ரத்தானது. ஏற்கெனவே அமெரிக்காவில் வாழும் ஹைத்தியருக்கான தற்காலிகப் பாதுகாப்பையும் முடித்துவைக்க அரசு ஆணையிட்டது. விவகாரம் நீதிமன்றங்களுக்குப் போனது. பாதுகாப்பு நீட்டிக்கப்பட வேண்டும் என்பது அமெரிக்க ஆயர்களின் நிலைப்பாடு. ஹைத்தியில் ஒரு பள்ளிக்குச் சம்பளம் அனுப்பும் பங்கில், அந்தப் பள்ளியில் படித்தவர் தன் நகரிலேயே தங்க அனுமதி கேட்டு நிற்கும்போது அதற்காக எழுதப்படும் கடிதம் நாடாளுமன்ற உறுப்பினருக்குப் போக வேண்டும். அதற்குக் காணிக்கை எடுக்கத் தேவையில்லை. ஆனால் பங்கின் ஒருபாதி வாக்காளர்களின் கோபத்தைத் தாங்க வேண்டியிருக்கும்.